மேடைக் காரும் வெட்டிய கியர்பாக்ஸும்

தில்லி ஆட்டோ எக்ஸ்போவுக்குப் போகும் கார்ப் பித்தர்களில் பாதிப் பேர் செல்ஃபியோடு திரும்பிவிடுகிறார்கள். அவர்களைச் சொல்லியும் குற்றமில்லை. சுழல்மேடையில் மினுக்கும் கான்செப்ட் கார்களில் பல சாலைக்கே வரப்போவதில்லை; கயிறு கட்டி நம்மைத் தள்ளி நிறுத்திவிடுவார்கள், பானெட்டைத் திறந்து காட்டவும் மாட்டார்கள். 2008 ஜனவரியில் பிரகதி மைதானத்தில் ரத்தன் டாடா ஓட்டிவந்து காட்டிய நானோ வேறு ரகம். பின்பக்கம் இரண்டு சிலிண்டர் எஞ்சின், ஒற்றை வைப்பர், சக்கரத்துக்கு மூன்றே நட்டு. அது விற்காமல் போனது தனிக்கதை. லட்ச ரூபாய்க்குள் அடக்க எதையெல்லாம் கழித்தார்கள் என்று குனிந்து பார்த்தவருக்குப் பாதி எஞ்சினியரிங் புரிந்திருக்கும்.

அப்படிக் குனிந்து பார்க்கத் தோதான இடம் அதே எக்ஸ்போவின் உதிரிபாகக் கண்காட்சி. ஆனால் 2014இல் கார்கள் கிரேட்டர் நொய்டாவுக்குப் போனபோது உதிரிபாகங்கள் பிரகதி மைதானத்திலேயே தங்கிவிட்டன. 2025இல் கார்கள் திரும்பி வந்தன. உதிரிபாகங்கள் துவாரகாவுக்குப் போயின. இரண்டையும் பிரித்தது எனக்கு உடன்பாடில்லை. ஒன்றுக்குத்தான் நேரம் என்றால் துவாரகா மெட்ரோவில் ஏறுங்கள். குறுக்கே வெட்டிவைத்த கியர்பாக்ஸில் எந்தப் பல் எதோடு கவ்வுகிறது என்று கண்ணால் பார்க்கலாம். பக்கத்தில் நிற்பவர் விற்பனைப் பிரதிநிதியாக இல்லாமல் எஞ்சினியராக வாய்த்துவிட்டால் மத்தியானச் சாப்பாடு மறந்துபோகும்.