பசிக்குப் பழுப்பு, பழுப்புக்குப் பசி

வெயிலில் காயாமலே தோல் பழுப்பாகும், கூடவே பசியும் அடங்கும் என்று சொல்லி பிரிட்டனிலும் ஆஸ்திரேலியாவிலும் ஒரு பொடியை இன்டர்நெட்டில் விற்கிறார்கள். பெயர் மெலனோடான் 2. தண்ணீரில் கரைத்துத் தோலுக்கடியில் குத்திக்கொள்ள வேண்டும். ஊசிக்குப் பயந்தவர்களுக்கு மூக்கில் அடிக்கும் ஸ்ப்ரேயும் உண்டு. பழுப்பு நிறம்தான் நோக்கமாம். பசி குறைவது 'போனஸ்' ஆம். குமட்டல் வெறும் 'பக்க விளைவு' ஆம்!

இந்தப் பாகுபாடு சுத்த ஏமாற்று வேலை.

மனித உடம்பிலேயே ஆல்ஃபா எம்.எஸ்.எச். என்று ஒரு ஹார்மோன் இருக்கிறது. 13 அமினோ அமிலங்கள் கோத்த சின்னச் சங்கிலி. தோலின் நிறமிச் செல்களில் உள்ள எம்சி1 ஏற்பியில் இது போய் ஒட்டினால் கருநிறமி கூடும். மூளையில், ஹைப்போதலாமஸ் பகுதியில் உள்ள எம்சி4 ஏற்பியில் ஒட்டினால் 'போதும், எழுந்திரு' என்று அர்த்தம். இயற்கை ஹார்மோன் சீக்கிரமே சிதைந்துவிடும், அதனால் ரகளை இல்லை.

அந்தச் சிதைவைத்தான் அமெரிக்காவின் அரிசோனா பல்கலைக்கழகத்தில் விக்டர் ஹ்ரூபி, மேக் ஹாட்லி குழுவினர் 1980களில் தடுத்தார்கள். சங்கிலியில் ஒரு ஃபினைல்அலனினை எடுத்துவிட்டு அதன் கண்ணாடி பிம்பத்தை வைத்தார்கள். நொதிகளுக்கு அதை வெட்டுவது கஷ்டமாகிவிட்டது. பிறகு 7 அமினோ அமிலங்களாகச் சுருக்கி வளையமாக முடிச்சுப் போட்டதுதான் மெலனோடான் 2. அருமையான வேதியியல், சந்தேகமே இல்லை. ஆனால் அந்த வளையம் எம்சி1, எம்சி3, எம்சி4, எம்சி5 என்று நாலு கதவையும் திறக்கும். எது பிரதானம், எது பக்கம் என்று அதற்கு எப்படித் தெரியும்?

நம்பாதவர்கள் மஞ்சள் அகூட்டி எலியைப் பார்க்கலாம். அதன் உடம்பெங்கும் சுரக்கும் ஒரு புரதம் எம்சி1, எம்சி4 இரண்டையும் அடைத்துவிடுகிறது. எலி மஞ்சளாகவும் இருக்கும், குண்டாகவும் இருக்கும். இந்த ஹார்மோனின் மூலப் புரதமே இல்லாமல் பிறந்த குழந்தைகளைப் பற்றி 1998-இல் ஓர் ஆய்வு வந்தது. அவர்களுக்குச் செந்நிற முடி, அடங்காத பசி.

இன்னும் வேடிக்கை: இதே குடும்பத்து செட்மெலனோடைடுக்கு, சில மரபணுக் கோளாறுகளால் வரும் உடல் பருமனுக்காக, 2020-இல் அமெரிக்கா அனுமதி தந்தது. அதைப் போட்டுக்கொண்டால் தோலும் மச்சங்களும் கறுக்கும். பழுப்பு விற்பவனுக்குப் பசி 'பக்கம்'. பசிக்கு மருந்து தருபவருக்குப் பழுப்பு 'பக்கம்'!

"அஃபமெலனோடைடுக்கு அனுமதி தந்தார்களே?" என்று வியாபாரிகள் கேட்பார்கள். தந்தார்கள்தான், ஐரோப்பாவில் 2014-இல், அமெரிக்காவில் 2019-இல். வெளிச்சம் பட்டாலே தோல் எரியும் ஓர் அபூர்வ நோய்க்கு. மருத்துவர் 16 மில்லிகிராமைத் தோலுக்கடியில் பதிப்பார், மச்சங்களையும் தவறாமல் பரிசோதிப்பார். மெலனோடான் 2-க்கு எந்த நாட்டிலும் அனுமதி கிடையாது. பிரிட்டிஷ் மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2008-லேயே எச்சரித்தது.

மச்சம்தான் இங்கே பெரிய கவலை. இந்த ஊசியால் பழைய மச்சங்கள் கறுத்ததையும் புதியவை முளைத்ததையும் மருத்துவ இதழ்கள் பதிவு செய்திருக்கின்றன. புற்றுநோயை இதுவே உண்டாக்குகிறது என்று நிரூபணம் இல்லை. ஆனால் தோல் புற்றுநோயைச் சந்தேகிக்க டாக்டர் தேடும் முதல் அடையாளமே மச்சம் நிறம் மாறுவதுதான். எல்லா மச்சமும் ஒரே மாதத்தில் கறுத்தால் அவர் எதைத் தேடுவார்?

குப்பியில் பொடி எழுத்தில் 'ஆராய்ச்சிக்கு மட்டும், மனிதருக்கு அல்ல' என்று ஒட்டியிருப்பார்கள். அதே பார்சலில் சிரிஞ்சும் வரும்.