இன்பச் சுற்றுலாவும் இறையச்சமும்

பள்ளித் தேர்வுகள் முடிந்துவிட்டால் நம் இல்லங்களில் ஒரே பேச்சுத்தான். இவ்வாண்டு எங்குச் செல்வது? உதகையா, கொடைக்கானலா? சாரல் தொடங்கியதும் குற்றாலமா? அன்றி ஏர்வாடி, கீழக்கரை, இராமேசுவரம் என்று கடலோரமாகப் போய் வரலாமா? வாகனம் பேசப்படுகிறது. தங்குமிடம் பார்க்கப்படுகிறது. வழியில் உண்ண என்ன சமைப்பது என்பதுகூட ஒரு வாரம் முன்னதாகவே முடிவாகிவிடுகிறது.

இதில் குற்றம் காண யாதொன்றும் இல்லை. குடும்பத்தாரை மகிழ்விப்பது மார்க்கம் போற்றும் செயலே. பூமியில் பயணம் செய்து, படைப்பை இறைவன் எவ்வாறு தொடங்கினான் என்பதை நோக்குமாறு திருமறையின் அன்கபூத் அத்தியாயம் (29:20) நம்மைத் தூண்டுகின்றது. மலையையும் அருவியையும் கடலையும் கண்டு படைத்தவனை எண்ணி நெகிழும் உள்ளத்திற்கு அந்தப் பயணமே ஒரு வணக்கமாக அமைந்துவிடும்.

பயணம் புறப்படுமுன் மார்க்க விளக்கம் கேட்டு வருவோர் பலர். எத்தனை மைல் கடந்தால் கஸ்ர் தொழலாம், இரு நேரத் தொழுகைகளைச் சேர்த்துத் தொழலாமா, அங்கே கிடைக்கும் இறைச்சி ஹலாலானதா என்றெல்லாம் கேட்கின்றனர். கேட்க வேண்டியவையே. ஆனால், ‘நாங்கள் இருபது பேர் செல்கிறோம், எங்கள் குப்பையை என்ன செய்வது? அவ்வூரின் தண்ணீரில் எங்களுக்கு எவ்வளவு உரிமை உண்டு?’ என்று கேட்டு வந்தவர் ஒருவரையும் நான் கண்டதில்லை. இவை மார்க்கத்திற்குப் புறம்பானவை என்ற எண்ணம் நம்மிடையே வேரூன்றிவிட்டது. அவ்வெண்ணம் தவறு என்பதை எடுத்துரைப்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

நேயர்களே! பயணிக்குரிய ஒழுக்கங்களை நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் கற்பித்தபோது தொழுகையோடும் துஆவோடும் நிறுத்திக்கொள்ளவில்லை. செழிப்பான நிலத்தின் வழியே செல்லும்போது, நீங்கள் ஏறிச் செல்லும் ஒட்டகங்களுக்கு அந்நிலத்தில் உள்ள பங்கைக் கொடுங்கள் என்று கூறினார்கள். இரவில் தங்க நேர்ந்தால் பாதையை விட்டு விலகித் தங்குங்கள் என்றார்கள். காரணத்தையும் அவர்களே விளக்கினார்கள்: இரவில் அப்பாதை விலங்குகள் நடமாடும் வழி, ஊர்வன ஒதுங்கும் இடம். அபூஹுரைரா (ரலி) அவர்கள் அறிவிக்கும் இந்த நபிமொழி ஸஹீஹ் முஸ்லிமில் இடம்பெற்றுள்ளது.

இதன் ஆழத்தைச் சற்று எண்ணிப் பாருங்கள். பகலில் அப்பாதை நமக்கு உரியது. இரவிலோ அது வேறு படைப்புகளுக்கும் உரியது. அவற்றை அஞ்சி ஒதுங்குவது நம் பாதுகாப்பு. அவற்றின் வழியை மறிக்காமல் ஒதுங்குவது அவற்றின் உரிமை. இரண்டும் ஒரே சொல்லில் அடங்கியிருக்கின்றன.

இனி நம் நாட்டுக்கு வருவோம். நீலகிரியின் வடக்குச் சரிவில், மசினகுடியை ஒட்டிய சீகூர் பீடபூமி, யானைகள் தொன்றுதொட்டு நடந்து செல்லும் வழித்தடம். அதன் குறுக்கே தங்கும் விடுதிகளும் வேலிகளும் எழுந்தன. அவ்வழித்தடத்தைக் காக்கும் தமிழக அரசின் அறிவிப்பு செல்லும் என்று 2020ஆம் ஆண்டு உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. கூடலூர் வழியாக மைசூர் செல்லும் சாலையில், பந்திப்பூர்க் காட்டுப் பகுதியில் இரவு 9 மணி முதல் காலை 6 மணி வரை போக்குவரத்திற்கு 2009 முதல் கட்டுப்பாடு இருந்துவருகிறது. இவற்றைக் கேட்டு முகம் சுளிப்போர் நம்மிலும் உண்டு. ஆனால் பதினான்கு நூற்றாண்டுகளுக்கு முன் பாலைவனப் பயணிகளுக்கு நாயகம் (ஸல்) அவர்கள் வகுத்தளித்த ஒழுங்கும் இதுவேயன்றோ? ஆகவே, ‘ஜன்னலைத் திறந்தால் யானை தெரியும்’ என்று விளம்பரம் செய்யும் விடுதியில் அறை எடுக்குமுன், அது எவருடைய வழியில் கட்டப்பட்டது என்று விசாரியுங்கள். ஊருக்குள் உள்ள எளிய விடுதியே அதனினும் மேல்.

காப்பகம் என்ற கருத்தே நமக்கு அந்நியமானதன்று. மதீனாவை இரு கருங்கல் நிலங்களுக்கு இடையே புனித எல்லையாக அறிவித்து, அங்கே மரம் வெட்டுவதையும் வேட்டையாடுவதையும் பெருமானார் (ஸல்) அவர்கள் தடுத்தார்கள். இஹ்ராம் அணிந்த ஹாஜி தரையில் வாழும் பிராணியை வேட்டையாடலாகாது என்பது நம் வீட்டுச் சிறுவர்களும் அறிந்த சட்டம். 1986ஆம் ஆண்டு நீலகிரியை நாட்டின் முதல் உயிர்க்கோளக் காப்பகமாக அறிவித்தபோதும், அதே ஆண்டில் மன்னார் வளைகுடாவின் 21 தீவுகளைக் கடல்சார் தேசியப் பூங்காவில் சேர்த்தபோதும், நமக்கு முன்பே பழக்கமான ஒரு நெறியைத்தான் அரசு சட்டமாக்கியது.

அடுத்தது, தண்ணீர். நாம் மலைக்குச் செல்லும் ஏப்ரல், மே மாதங்களில்தான் அங்கே நீர் குறைகிறது. ஊர் மக்கள் குடத்தை நிரப்பக் காத்திருக்கும் நாள்களில், விடுதியில் தங்கும் நாம் குழாயைத் திறந்துவிட்டு நிற்கிறோம். நாயகம் (ஸல்) அவர்கள் ஒரு முத்து அளவு நீரில் ஒளூச் செய்தார்கள் என்பது ஆதாரபூர்வமான ஹதீஸ். இரு கைகளையும் சேர்த்து அள்ளினால் எவ்வளவு கொள்ளுமோ, அதுவே ஒரு முத்து. விடுதியின் குழாயில் ஒருவர் ஒளூச் செய்யும்போது எத்தனை முத்து வழிந்தோடுகிறது என்று கணக்கிட்டுப் பாருங்கள். ஒரு குவளையை உடன் எடுத்துச் சென்றால் ஸுன்னத்தும் நிறைவேறும். ஊராரின் நீரும் மிஞ்சும்.

குற்றாலம் செல்வோர்க்கும் ஒரு சொல். அருவியில் எண்ணெயும் சோப்பும் ஷாம்புவும் பயன்படுத்தலாகாது என்பது அங்குள்ள விதி. காவலர் திரும்பியதும் பையிலிருந்து சோப்பை எடுப்போர் உளர். அந்நீர் அங்கேயே நின்றுவிடுவதில்லை. சிற்றாறாக ஓடித் தாமிரவருணியில் கலக்கிறது. அவ்வாறே உதகைப் பக்கத்துப் பைக்காரா ஆறு மோயாற்றில் சேர, மோயாறு பவானிசாகர் அணைக்கு வர, பவானியோ காவிரியில் கூடுகிறது. மலைமேல் நாம் எறிந்தது ஈரோட்டிலும் கரூரிலும் திருச்சியிலும் எவரோ ஒருவர் முகக்கும் நீரைத் தேடி இறங்கி வருகிறது. தேங்கிய நீரில் சிறுநீர் கழிப்பதை நபி (ஸல்) அவர்கள் தடுத்தார்கள். நீர்த்துறை, நடைபாதை, மக்கள் ஒதுங்கும் நிழல் ஆகிய மூன்று இடங்களிலும் மலம் கழிப்பது சாபத்தைத் தேடித்தரும் என்று எச்சரித்தார்கள். பலரும் பயன்படுத்தும் இடத்தைப் பாழாக்குவதே இத்தடையின் காரணம். அக்காரணம் இன்று பிளாஸ்டிக் பைக்கும் எச்சில் தட்டுக்கும் பொருந்தாதா?

உணவுக்கு வருவோம். இருபது பேருக்குச் சோறு கட்டிச் செல்லும் குடும்பம், ஒரு வேளையில் இருபது தட்டையும் நாற்பது குவளையையும் வழியோரம் விட்டு வருகிறது. பிளாஸ்டிக் பூச்சுள்ள காகிதத் தட்டு, குவளை, தெர்மாகோல் தட்டு, கைப்பை முதலியன 2019 ஜனவரி 1 முதல் தமிழகம் முழுவதும் தடை செய்யப்பட்டவை. நீலகிரியில் தண்ணீர் அடைத்த பிளாஸ்டிக் புட்டிகளுக்கும் தடை உண்டு. சோதனைச் சாவடியில் இவற்றை இருக்கைக்கு அடியில் ஒளித்துவைத்து, ‘ஒன்றும் இல்லை’ என்று சொல்லிச் செல்வது எளிது. ஆனால் பொய் பொய்தானே? சாவடிக்காரர் காணாததை இறைவனும் காணவில்லை என்று எந்த மூமின் சொல்வான்?

இதற்கு மாற்றைத் தேடி நாம் எங்கும் அலைய வேண்டியதில்லை. நால்வர், ஐவர் சுற்றி அமர்ந்து ஒரே சஹனில் உண்பது காயல்பட்டினம், கீழக்கரை போன்ற ஊர்களில் நம் முன்னோர் விட்டுச் சென்ற வழக்கம். தனித்தனியே உண்ணாமல் கூடி உண்ணுங்கள், கூட்டத்தில்தான் பரக்கத் உண்டு என்பது நபிகளாரின் போதனை. நான்கு சஹன்களும் ஒரு தண்ணீர்க் குடமும் வாகனத்தில் ஏறட்டும். இருபது தட்டு குறையும், மிச்சச் சோறும் குறையும், நெஞ்சங்கள் நெருங்கும்.

இன்னொரு செயலையும் குறிப்பிட வேண்டும். சாலையோரக் குரங்குகளுக்கு வறுவலும் ரொட்டியும் வீசுவதைச் சிலர் தருமம் என்று எண்ணுகின்றனர். தாகத்தால் தவித்த நாய்க்கு நீர் புகட்டியவர் மன்னிக்கப்பட்டார் என்ற ஹதீஸை ஆதாரமாகவும் காட்டுகின்றனர். அந்த நாய் தவித்தது; இந்தக் குரங்குக்கோ அதன் ரிஸ்க்கைக் காட்டிலேயே இறைவன் வைத்திருக்கிறான். நாம் வீசும் தின்பண்டம் அதைச் சாலைக்கு இழுக்கிறது. சாலை அதைச் சக்கரத்தில் தள்ளுகிறது. பெறுவோர்க்குக் கேடு விளைவிப்பது தருமம் ஆகாது.

கடற்கரையிலிருந்து பவளப் பூச்சியின் கூட்டைப் பெயர்த்து வந்து வீட்டு அலமாரியில் வைப்பதும் அவ்வாறே. பவளப்பாறைகள் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தால் காக்கப்படுபவை. அவற்றை வெட்டி எடுத்துவந்ததன் விளைவாக மன்னார் வளைகுடாவில் விலங்குசல்லி, பூவரசன்பட்டி ஆகிய இரு தீவுகள் நீரில் மூழ்கின. ஒரு பயணத்தில் நபித்தோழர்கள் சிலர் ஒரு பறவையின் குஞ்சுகளை எடுத்துக்கொண்டபோது, தாய்ப்பறவை சிறகடித்துத் தவித்தது. அதைக் கண்ட பெருமானார் (ஸல்) அவர்கள் குஞ்சுகளைத் திருப்பி வைக்கப் பணித்தார்கள். இப்னு மஸ்ஊத் (ரலி) அவர்கள் அறிவிப்பதாக அபூதாவூதில் வரும் இச்செய்தியைப் படித்த நாம், சென்ற இடத்திலிருந்து உயிருள்ளதைப் பறித்து வருவது தகுமா?

‘உலகிலுள்ள அனைத்தும் மனிதனுக்காகவே படைக்கப்பட்டன அல்லவா?’ என்று கேட்பர். ஆம், வசப்படுத்தித் தரப்பட்டன. ஆனால் அமானிதமாகத் தரப்பட்டன. வாகனத்தில் ஏறும்போது நாம் ஓதும் துஆவே இதற்குச் சான்று: இதை வசப்படுத்தித் தந்தவன் தூயவன் என்று தொடங்கி, நாம் அவனிடமே திரும்பிச் செல்வோர் என்றல்லவா அது முடிகிறது? கணக்குக் கொடுக்கப் போகிறவன் நான் என்ற உறுதிமொழியோடுதான் ஒரு முஸ்லிம் வண்டியில் ஏறுகிறான்.

‘ஆயிரக்கணக்கான வண்டிகள் செல்லும் இடத்தில் என் ஒருவனால் என்ன ஆகிவிடும்?’ என்பது அடுத்த கேள்வி. ஒவ்வொரு வண்டியிலும் இதே கேள்வி அமர்ந்திருப்பதனால்தான் நீதிமன்றம் குறுக்கிட வேண்டியதாயிற்று. சென்னை உயர் நீதிமன்றத்தின் ஆணைப்படி 2024 மே 7 முதல் உதகைக்கும் கொடைக்கானலுக்கும் இ-பாஸ் முறை வந்தது. 2025 கோடையில் உதகைக்கு வார நாளில் 6,000, வார இறுதியில் 8,000 வாகனங்கள் என்று வரம்பும் விதிக்கப்பட்டது. நம் பங்கிற்கு வண்டியின் எண்ணிக்கையைக் குறைக்கலாமே! மேட்டுப்பாளையம் வரை இரயிலில் சென்று, அங்கிருந்து அரசுப் பேருந்திலோ மலை இரயிலிலோ ஏறலாம். மூன்று குடும்பங்கள் மூன்று கார்களில் போவதை விட ஒரே வேனில் போகலாம். நெரிசல் மிக்க நாள்களை விட்டு வேறு நாள்களைத் தேர்ந்தெடுக்கலாம். அங்கே சென்றபின் அவ்வூராரின் கடையில் வாங்கி, அவர்கள் பிழைப்புக்கு உதவலாம்.

இறுதியாக, என் உள்ளத்தை மிகவும் அச்சுறுத்தும் ஒன்றைச் சொல்லி முடிக்கிறேன். அல்லாஹ்வுக்குச் செய்ய வேண்டிய கடமையில் தவறியவன் தவ்பாச் செய்தால் அவன் மன்னிக்கக்கூடும். அடியார்களின் உரிமையில் கைவைத்தவனோ, உரியவரிடமே சென்று பொறுப்புப் பெற வேண்டும். அண்டை வீட்டாருக்குத் தீங்கிழைத்தால் கதவைத் தட்டி மன்னிப்புக் கேட்கலாம். மலையூர் ஒன்றின் ஊற்றைக் கெடுத்துவிட்டு வந்தவன் எந்தக் கதவைத் தட்டுவான்? நாம் உடைத்தெறிந்த கண்ணாடிப் புட்டியில் காலைக் கிழித்துக்கொண்ட சிறுவனின் முகவரியை எவரிடம் கேட்பான்? தொழுகையும் நோன்பும் ஸகாத்தும் மலைபோல் கொண்டுவந்து, பிறருக்கிழைத்த தீங்குக்கு ஈடாக அத்தனையையும் பங்கிட்டுக் கொடுத்து வெறுங்கையனாய் நிற்பவனே என் உம்மத்தில் திவாலானவன் என்று நாயகம் (ஸல்) அவர்கள் எச்சரித்தார்கள். மூன்று நாள் இன்பத்திற்காக, பெயர்கூட அறியாதவர்களுக்கு அன்று நம் நன்மைகளை அள்ளிக் கொடுக்கும் நிலை நமக்கு வேண்டாம்.

ஆகவே, பயணப் பட்டியலை எழுத அமரும்போது குடும்பத்தார் அனைவரையும் அழைத்து அமர்த்துங்கள். தண்ணீர்ப் பாத்திரம், சஹன், துணிப்பை, ஒளூச் செய்யும் குவளை, குப்பையைத் திரும்பக் கொண்டுவர ஒரு சாக்கு ஆகியவற்றைப் பிள்ளைகளின் கையாலேயே எழுதச் செய்யுங்கள். பாதையில் கிடக்கும் தொல்லை தருவதை அகற்றுவது ஈமானின் ஒரு கிளை என்பதையும் அப்போதே சொல்லிக் கொடுங்கள். அகற்றுவது ஈமானின் கிளை என்றால், போட்டுவிட்டு வருவது எதன் கிளை என்று பிள்ளைகளே கேட்பார்கள்.

நம் பயணங்கள் எவருக்கும் எவ்வுயிர்க்கும் தீங்கின்றி அமைய வல்ல ரஹ்மான் நம் அனைவருக்கும் தௌஃபீக் செய்வானாக! ஆமீன்.