காலத்தின் மேல் போடும் பழி

அமெரிக்க அரசியல்வாதி ஜான் கால்ஹூனின் அடிமைமுறை ஆதரவைப் பற்றிப் பேச்செடுத்தாலே, 'அவர் தம் காலத்து மனிதர், இன்றைய அளவுகோலால் அளக்காதீர்கள்' என்ற சமாதானம் வந்துவிடுகிறது. 2017இல் யேல் பல்கலைக்கழகம் தன் கல்லூரி ஒன்றிலிருந்து அவர் பெயரை நீக்கியபோதும், 2020இல் சார்ல்ஸ்டனில் அவர் சிலை இறக்கப்பட்டபோதும் இதுதான் வாதம். அவர் காலத்து அளவுகோலாலேயே அளப்போமே. பிரிட்டன் 1833இல் அடிமை ஒழிப்புச் சட்டம் இயற்றிவிட்டது. கால்ஹூன் யாரிடம் துணை அதிபராக இருந்தாரோ அந்த ஜான் குயின்சி ஆடம்ஸ், அடிமைமுறைக்கு எதிரான மனுக்களை விவாதிக்கவிடாத விதியை எதிர்த்துப் பல ஆண்டுகள் போராடி 1844இல் அதை ஒழித்தார். அடிமைகளை வைத்திருந்த ஜெஃபர்சன்கூட அதைத் தீமை என்றே எழுதினார். 1837இல் செனட்டில் எழுந்து, அது தீமையே அல்ல, இரு இனத்தாருக்கும் நன்மை என்று வாதாடியவர் கால்ஹூன். முந்தைய தலைமுறைக்கு மிஞ்சியிருந்த கூச்சத்தையும் அவர் துடைத்தெறிந்தார். அடிமைப்பட்டுக் கிடந்த லட்சக்கணக்கானோரும் அதே காலத்தவர்கள்தாம். அவர்கள் கருத்தை யார் கேட்டார்கள்?

அறியாமை என்றும் சொல்வதற்கில்லை. வடக்கே சுதந்திரமாக வாழும் கறுப்பர்களிடையே மனநோய் பன்மடங்கு அதிகம் என்றது 1840 மக்கள்தொகைக் கணக்கெடுப்பு. எட்வர்ட் ஜார்விஸ் என்ற மருத்துவர் ஊர் ஊராக எண்களை ஒப்பிட்டார். கறுப்பர் ஒருவர்கூட இல்லாத ஊர்களில் கறுப்பின மனநோயாளிகள் பதிவாகியிருந்தார்கள். மாசசூசெட்ஸின் வூஸ்டரில் அப்படிப் பதிவான 133 பேர், அங்குள்ள மனநல மருத்துவமனையில் இருந்த வெள்ளையர்கள். ஜார்விஸ் இதை அச்சிலேயே அம்பலப்படுத்தியிருந்தார். ஆனாலும் 1844 ஏப்ரலில், வெளியுறவுச் செயலராக இருந்த கால்ஹூன், பிரிட்டிஷ் தூதர் பேக்கன்ஹமுக்கு எழுதிய கடிதத்தில் அதே எண்களை வைத்து, விடுதலை கறுப்பர்களைச் சீரழிக்கிறது என்றார். கணக்கெடுப்பு அவருடைய துறையின் பொறுப்பு. பிழையைத் திருத்தும் அதிகாரம் கையில் இருந்தும் கணக்கு சரி என்றே சாதித்தார். இது எந்தக் காலத்திலும் பொய்தான்.

அவருடைய கோட்பாட்டை மட்டும் பிரித்தெடுத்து, பெரும்பான்மையின் ஆதிக்கத்திலிருந்து சிறுபான்மையைக் காக்க வழி சொன்னவர் என்று மெச்சுவோர் உண்டு. அந்தச் சிந்தனைக்குத் தனி மதிப்பு இருக்கலாம். ஆனால் அவருடைய தென் கரோலினாவில் 1850இல் ஏறக்குறைய 6.68 லட்சம் பேரில் 3.85 லட்சம் பேர் அடிமைகள். அங்கே பெரும்பான்மைதான் விலங்கில் கிடந்தது. அவர் காத்தது எஜமானர்களை. மாநில உரிமை என்ற வாதமும் அவரிடமே நிற்கவில்லை. தப்பி வந்தவர்களைப் பிடித்துத் தர வட மாநிலங்கள் தயங்கியபோது, அந்த மாநிலங்களின் விருப்பத்தை அவர் மதிக்கவில்லை. ஒப்படைத்தே ஆகவேண்டும் என்று 1850 மார்ச்சில், சாகும் தறுவாயில், இன்னொருவர் வாசித்த உரையிலும் கேட்டார். அந்த செப்டம்பரிலேயே சட்டம் வந்தது. அடிமைமுறை ஒழிந்து அறுபதாண்டுக்கு மேலாகியிருந்த மாசசூசெட்ஸின் பாஸ்டனிலிருந்தும் தப்பி வந்தவர்களைக் காவலோடு தெற்கே கொண்டுபோனார்கள்.