திரளைக் கண்டுபிடித்த பிறகு யார் பொறுப்பு?

அல்சைமர், பார்க்கின்சன் நோய்களில் மூளைப் புரதங்கள் தவறாக மடிந்து ஒன்றோடொன்று ஒட்டித் திரள்கின்றன. மறதியோ கைநடுக்கமோ வெளியே தெரிவதற்குப் பல ஆண்டுகள் முன்பே இது தொடங்கிவிடுகிறது. அந்தத் திரளை ஆரம்பத்திலேயே பிடிக்க டி.என்.ஏ. சென்சார்களை ஆய்வாளர்கள் வடிவமைத்து வருகிறார்கள்.

டி.என்.ஏ. என்றதும் பரம்பரைச் சோதனை என்று நினைக்க வேண்டாம். இங்கே அது வெறும் பொறி. தற்செயல் வரிசை கொண்ட ஒற்றை இழைகளைக் கோடானுகோடியாகத் தயாரித்துத் திரளின்மேல் ஊற்றுகிறார்கள். ஒட்டாதவற்றைக் கழுவிவிட்டு, ஒட்டியவற்றை பி.சி.ஆர். முறையில் பெருக்கி, மறுபடி ஊற்றுகிறார்கள். திரளாத தனிப் புரதத்தோடும் ஒட்டுகிற இழைகளை இடையில் கழித்துவிடுகிறார்கள். பல சுற்றுகளுக்குப் பின் மிஞ்சும் இழைக்குப் பெயர் ஆப்டமர். 1990இல் பிறந்த உத்தி இது. இழையின் ஒரு முனையைத் தங்க மின்வாயில் பதித்து, மறுமுனையில் மெத்திலீன் நீலத்தைக் கட்டிவிட்டால், திரள் வந்து ஒட்டும்போது இழை வளைந்து மின்னோட்டம் மாறும்.

டோக்கியோ வேளாண்மை, தொழில்நுட்பப் பல்கலைக்கழகக் குழு 2012இல் பார்க்கின்சன் நோய்த் திரளுக்கென்று தேர்ந்தெடுத்த இழைகளில் சில, அல்சைமர் நோய்த் திரளையும் பிடித்தன. திரள் இருக்கிறது என்று சொல்லும் சென்சார், எந்த நோயென்று சொல்லாமல் போகலாம். போதாததற்கு, இரத்தத்திலுள்ள நொதிகள் டி.என்.ஏ. இழையையே நறுக்கிவிடும்.

எனவே ஆய்வுக்கூட உப்புநீரில் கிடைத்த வெற்றி போதாது. நோயாளிகள், நலமாக இருப்பவர்கள் என இரு தரப்பின் இரத்தமும் முதுகுத்தண்டு நீரும் வேண்டும். இறந்தபின் மூளைத்திசுவும் வேண்டும். பெங்களூரு நிம்ஹான்ஸ் மூளை வங்கி 1995 முதல் இயங்குகிறது. கண்தானத்துக்குத் தயங்காத வீடுகளிலும் மூளைதானம் பற்றிப் பேச்சு எழுவதில்லை. அதைத் தொடங்க வேண்டியது குடும்பங்கள்தான். ஆய்வாளர்கள் தங்கள் பங்குக்கு, சென்சார் எத்தனை முறை பொய்யாக எச்சரித்தது என்பதையும் சேர்த்து வெளியிட வேண்டும்.

முடிவுச்சீட்டு கைக்கு வந்த பிறகுதான் உண்மையான சிக்கல். லெக்கானெமாப் போன்ற மருந்துகள் தொடக்க நிலையில் அல்சைமரின் வேகத்தைச் சற்றே குறைக்கும், குணப்படுத்தாது. பார்க்கின்சன் நோயைத் தடுத்து நிறுத்தும் மருந்து இன்னும் இல்லை. அப்படியிருக்க, ஐம்பது வயதில் ஒருவருக்குத் திரள் இருப்பது தெரிந்தால், அந்தச் சீட்டை முதலாளி பார்க்கலாமா, காப்பீட்டு நிறுவனம் கேட்கலாமா? சென்சார் கடைக்கு வருமுன்பே இதற்கு விதி வேண்டும். மருத்துவர்களும் சட்டமன்றமும் நோயாளிக் குடும்பங்களும் ஒரே மேசையில் உட்கார்ந்து எழுத வேண்டிய விதி அது.

இந்தியாவில் அறுபதைத் தாண்டியவர்களில் 7.4 சதவீதம், ஏறத்தாழ 88 லட்சம் பேர், மறதி நோயோடு வாழ்வதாக 2023இல் வெளியான ஆய்வு மதிப்பிட்டது. "வயசானா அப்படித்தான்" என்ற ஒற்றை வரியில் கடந்துபோகப்படுகிறவர்கள் இவர்களில் ஏராளம். தமிழ்நாட்டில் 2021இல் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தின் ஊழியர்கள் இரத்த அழுத்தமும் சர்க்கரையும் பார்க்க வீட்டுவாசலுக்கே வருகிறார்கள். அவர்கள் பையில் எளிய நினைவாற்றல் சோதனைத் தாள் ஒன்றையும் வைக்க எந்த சென்சாருக்காகவும் காத்திருக்கத் தேவையில்லை.