பாதி வழியில் நிற்கலாமா?

கோவையில் பம்பும் மோட்டாரும் செய்யும் பட்டறைகளில் பாலிடெக்னிக் படித்த தொழிலாளி வீட்டுப் பிள்ளைகள் ஏராளம். அவர்களில் ஒருவர் எஞ்சினியராக விரும்பினால் வழி உண்டா? உண்டு. பத்தாம் வகுப்புக்குப் பின் 3 ஆண்டு டிப்ளமா. பிறகு பொறியியல் கல்லூரியில் நேரடியாக இரண்டாம் ஆண்டு. மேலும் 3 ஆண்டு படித்தால் பட்டம். பிளஸ் டூ முடித்துப் போகிறவருக்கும் அதே 6 ஆண்டுதான்.

நல்ல ஏற்பாடு, வரவேற்கிறோம். ஆனால் கதவைத் திறந்துவிட்டால் மட்டும் போதுமா?

உள்ளே போன பிள்ளையின் நிலையைப் பாருங்கள். லேத் மிஷினில் வகுப்பிலேயே கெட்டிக்காரர் அவர்தான். ஆனால் மற்றவர்கள் முதலாண்டில் படித்த கணக்கை அவர் படிக்கவில்லை. இரண்டாம் ஆண்டுக் கணக்கோ அதன்மேல் கட்டியது. தமிழில் படித்து வந்தவருக்கு இங்கிலீஷ் பாடம் இன்னொரு சுவர். அரியர் விழுகிறது. உடனே “மூளை போதாது” என்கிறார்கள். குறை மூளையில் இல்லை, தோழர்களே! விட்டுப்போன பாடத்தைச் சொல்லித்தர ஆள் இல்லை, அதுதான் குறை.

அடுத்தது வயிற்றுப்பாடு. டிப்ளமா முடித்ததும் சம்பளம் வரும் என்று வீடு காத்திருக்கிறது. சோமனூர் விசைத்தறித் தொழிலாளியிடமும் அவிநாசி விவசாயக் கூலியிடமும் இன்னும் 3 ஆண்டு பொறுத்திரு என்று சொல்வது லேசான காரியமா? அரசுப் பள்ளியில் படித்து உயர்கல்விக்குச் செல்வோருக்கு மாதம் ரூ.1,000 தரும் திட்டங்கள் வந்தன. 2022-ல் புதுமைப் பெண், 2024-ல் கோவையிலேயே தொடங்கிய தமிழ்ப் புதல்வன். உதவிதான். ஆனால் ஒரு குடும்பத்தின் கூலி இழப்பை அது ஈடுகட்டாது.

வேலை பார்த்துக்கொண்டே பகுதி நேரமாக பி.இ. படிக்கவும் வழி உண்டு. 1945-ல் ஜி.டி. நாயுடுவின் முயற்சியில் ஆர்தர் ஹோப் பெயரில் தோன்றி, இன்று தடாகம் ரோட்டில் இருக்கும் அரசு தொழில்நுட்பக் கல்லூரி அந்த வகுப்பை நடத்தி வந்திருக்கிறது. ஆனால் முதலாளி ஷிப்ட் மாற்றித் தர மறுத்தால் அந்த வகுப்பால் யாருக்கு லாபம்?

எனவே நாம் கோருவது:

1. இரண்டாம் ஆண்டு தொடங்குமுன் ஒரு மாதம் கணக்கும் இங்கிலீஷும், தமிழில் விளக்கி, இலவசமாகக் கற்றுத்தர வேண்டும்.

2. இம்மாணவர்களுக்கு விடுதியும் சாப்பாடும் உறுதி செய்ய வேண்டும். உதவித்தொகை தவணை தவறாமல் வரவேண்டும்.

3. படிக்கும் தொழிலாளிக்கு வகுப்பு நேரத்தை விட்டு ஷிப்ட் தர வேண்டும்.

இதை சர்க்காரிடம் மட்டும் விட்டுவிட்டால் நடக்காது. மில் சங்கங்கள் மூன்றாவது கோரிக்கையைப் பேச்சுவார்த்தை மேசையில் வைக்கட்டும். விவசாயத் தொழிலாளர் சங்கக் கிளைகள் தங்கள் ஊரில் டிப்ளமா முடித்த பிள்ளைகளைத் தேடிப் பிடித்து, விண்ணப்பம் போட வைக்கட்டும்.

மிஷினை ஓட்டத் தெரிந்த கைகளுக்கு அதை வடிவமைக்கும் உரிமையும் உண்டு. நம் பிள்ளைகளைப் பாதி வழியில் நிற்க விடோம்!