உழவனைக் கேட்டீர்களா?

தேயிலைக்கு வாரியம் உண்டு. காப்பிக்கு உண்டு, ரப்பருக்கு உண்டு, தென்னைக்கும் உண்டு. 2025-ஆம் ஆண்டில் மஞ்சளுக்கும் ஒரு தேசிய வாரியம் பிறந்துவிட்டது. நாட்டின் பசி தணிக்கும் நெல்லுக்கு மட்டும் அவற்றுக்கு நிகரான வாரியம் இல்லை! ஏன் இல்லை என்று தஞ்சைத் தரணி கேட்கிறது.

"பாதுகாக்கப்பட்ட வேளாண் மண்டலச் சட்டம் இருக்கிறதே, அதன்கீழ் ஓர் அதிகார அமைப்பும் இருக்கிறதே" என்பர். இருக்கிறது, மறுக்கவில்லை. புதிய எண்ணெய்க் கிணறுகளையும் எரிவாயுத் திட்டங்களையும் அச்சட்டம் தடுத்தது, அதைப் பாராட்டுகிறோம். ஆனால், அது பிறந்த கதை என்ன? 2020 பிப்ரவரி 9 அன்று தலைவாசலில் அன்றைய முதலமைச்சர் அறிவித்தபோது திருச்சி, கரூர், அரியலூர்ப் பகுதிகளும் மண்டலத்துள் இருந்தன. பிப்ரவரி 20 அன்று சட்டமன்றத்தில் மசோதா நிறைவேறியபோது அம்மூன்றையும் காணோம்! பதினொரே நாளில் மூன்று மாவட்டங்கள் மறைந்தன. எந்த உழவனைக் கேட்டுச் சேர்த்தனர்? எவனைக் கேட்டு நீக்கினர்?

அதன் விளைவையும் கண்டோம். 2023-இல் மத்திய அரசு நிலக்கரி ஏலப் பட்டியலில் வடசேரியையும் சேத்தியாத்தோப்புக் கிழக்கையும் சேர்த்தது. அரியலூர் மாவட்டத்து மைக்கேல்பட்டியையும் சேர்த்தது. நாடு கொதித்தெழுந்த பின்னரே, ஏப்ரலில் மூன்றும் நீக்கப்பட்டன. காத்தது மக்கள் குரல். அக்குரலுக்கு அதிகார அமைப்பில் இடம் எங்கே? தலைமை முதலமைச்சருக்கு, சுற்றிலும் அமைச்சரும் அதிகாரிகளும். உழவர் பெயரால் அமர்வோரும் அரசின் நியமனத்தால் அமர்வோரே அன்றி, உழவர் வாக்கால் வருவோர் அல்லர்.

"கழனியில் நிற்பவனிடம் வாக்குப்பெட்டியை நீட்டுவதா?" என்று எள்ளி நகையாடுவோர் உளர். ஆஸ்திரேலியாவின் நியூ சவுத் வேல்ஸ் மாநிலத்தில் நெல் விற்பனை வாரியம் 1928-இல் அமைந்தது, பயிரிட்டோரின் வாக்கெடுப்புக்குப் பிறகேயாகும். அவ்வளவு தொலைவு போவானேன்? பாசன அமைப்புகளை உழவரே மேலாண்மை செய்வதற்காக 2000-ஆம் ஆண்டுத் தமிழ்நாட்டுச் சட்டம், நீரைப் பயன்படுத்துவோர் சங்கங்களுக்குத் தேர்தலை வகுத்திருக்கிறது. வாய்க்காலுக்கு வாக்களிக்கத் தெரிந்தவனுக்கு வயலுக்கு வாக்களிக்கத் தெரியாதா?

ஆயினும், வாக்கெடுப்பு என்ற சொல்லிலேயே மயங்கிவிடலாகாது. வாக்காளர் பட்டியலில் எவர் பெயர் இருக்கும் என்பதே உயிர்நாடியான வினா. பட்டா வைத்திருப்போர் மட்டுமா? கோயில் நிலத்தையும் மடத்து நிலத்தையும் தலைமுறை தலைமுறையாக உழும் குத்தகைதாரர் எங்கே? நடவு நட்டுக் களையெடுத்து அறுவடை செய்யும் தொழிலாளி எங்கே? கீழத்தஞ்சையில் நிலக்கிழார்கள் தம் சங்கத்துக்குச் சூட்டிய பெயர் 'நெல் உற்பத்தியாளர் சங்கம்'. உண்மையில் நெல்லை உற்பத்தி செய்தவர்களோ, கூலி உயர்வு கேட்டதற்காக, 1968 டிசம்பர் 25 இரவு கீழவெண்மணியில் 44 உயிர்களைத் தீக்கு இரையாகக் கொடுத்தனர். உற்பத்தியாளர் எவர் என்பதை உடைமையாளரே தீர்மானிக்கும் கொடுமையை இனியும் பொறுப்பதற்கில்லை.

இன்னொன்றும் சொல்வோம். கனடாவின் கோதுமை வாரியம் 2011-இல் நடத்திய வாக்கெடுப்பில், வாக்களித்த கோதுமை விவசாயிகளுள் 62 விழுக்காட்டினர் வாரியத்தின் தனி விற்பனை உரிமை நீடிக்கவேண்டும் என்றனர். அந்நாட்டு அரசு அதைப் பொருட்படுத்தவில்லை. 2012-இல் அவ்வுரிமை ஒழிந்தது. கேட்பதுபோல் கேட்டுவிட்டுக் குப்பையில் எறிவதற்குக் கேளாமலே இருக்கலாம்!

ஆகவே, எமது கோரிக்கை மூன்று. நெல்லுக்கு வாரியம் வேண்டுமா என்பதை நெல் விளைப்போரிடமே கேளுங்கள். பட்டாதாரருடன் குத்தகைதாரரையும் தொழிலாளரையும், ஆணுடன் பெண்ணையும் பட்டியலில் சேருங்கள். அவர்கள் தரும் தீர்ப்பு அரசைக் கட்டுப்படுத்தும் என்று சட்டத்தில் எழுதுங்கள். வேண்டாம் என்று அவர்கள் சொன்னால் அதற்கும் தலைவணங்குங்கள்.

கொள்முதல் நிலைய வாயிலில், ஈரப்பதம் 17 விழுக்காட்டைத் தாண்டிவிட்டது என்று திருப்பப்பட்ட நெற்குவியலின் அருகே, மழைக்கு அஞ்சி இரவெல்லாம் விழித்திருப்பவன் அவன். அவனுடைய விதியை எழுதும் பேனா இன்னும் எத்தனை காலம் கோட்டையிலேயே இருக்கும்?