புள்ளிராஜாவை மறந்துட்டோமா? எச்.ஐ.வி. குறைந்த தமிழ்நாட்டில் இன்னும் மிச்சமிருக்கும் ஆபத்து என்ன?

"புள்ளிராஜாவுக்கு எய்ட்ஸ் வருமா?"

2000-களின் தொடக்கத்தில் தமிழ்நாட்டில் வளர்ந்தவர்களுக்கு இந்தக் கேள்வி மறந்திருக்காது. சுவர், பேருந்து, டிவி என எங்கு திரும்பினாலும் இதே கேள்விதான். யார் இந்தப் புள்ளிராஜா என்று டீக்கடை வரைக்கும் விவாதம் நடந்தது. கடைசியில் தெரிந்தது, அது ஓர் எய்ட்ஸ் விழிப்புணர்வு விளம்பரம். புள்ளிராஜா நம்மைப் போல ஒரு சாதாரண ஆள். அவருக்கு வரலாம் என்றால் யாருக்கும் வரலாம் என்பதுதான் அதன் செய்தி.

இருபது வருஷத்துக்கு மேல் ஆகிவிட்டது. எச்.ஐ.வி. பற்றி இப்போது யாரும் பெரிதாகப் பேசுவதில்லை. அப்படியென்றால் பிரச்சினை தீர்ந்துவிட்டதா? காவிரி டெல்டாவில் திருவிடைமருதூர் மாதிரியான ஒரு சின்ன ஊருக்கும் இதற்கும் என்ன சம்பந்தம்? விரிவாகப் பார்ப்போம்.

இந்தியாவில் இப்போது நிலைமை என்ன?

தேசிய எய்ட்ஸ் கட்டுப்பாட்டு அமைப்பான நாகோவின் 2023-ம் ஆண்டு மதிப்பீட்டின்படி, இந்தியாவில் 25 லட்சத்துக்கும் அதிகமானோர் எச்.ஐ.வி.-யுடன் வாழ்கிறார்கள். வயது வந்தோரில் இது 0.2 சதவீதம், அதாவது ஆயிரம் பேரில் 2 பேர். அந்த ஒரே ஆண்டில் புதிதாகத் தொற்று ஏற்பட்டவர்கள் சுமார் 68 ஆயிரம் பேர்.

2010-ம் ஆண்டோடு ஒப்பிட்டால் புதிய தொற்று 44 சதவீதம் குறைந்திருக்கிறது. உலக சராசரியை விட இது நல்ல வேகம்தான். ஆனால் எல்லா இடத்திலும் ஒரே மாதிரி குறையவில்லை. மிசோரமில் வயது வந்தோரில் நூற்றுக்கு 2.7 பேருக்கு எச்.ஐ.வி. இருக்கிறது. இது தேசிய சராசரியைப் போல 13 மடங்குக்கும் மேல்.

'அதிக ஆபத்துள்ள பிரிவினர்' என்றால் யார்?

அரசு இவர்களை நான்கு பிரிவாகப் பார்க்கிறது. நாகோவின் 2021 கண்காணிப்புக் கணக்கெடுப்பில் ஒவ்வொரு பிரிவிலும் எச்.ஐ.வி. இருந்த விகிதம் இது:

- ஊசி மூலம் போதை ஏற்றுபவர்கள்: 9.03 சதவீதம்
- திருநங்கைகள்: 3.78 சதவீதம்
- ஆண்களுடன் உறவு கொள்ளும் ஆண்கள்: 3.26 சதவீதம்
- பெண் பாலியல் தொழிலாளர்கள்: 1.85 சதவீதம்

இதில் முதல் வரியைக் கவனியுங்கள். 2017 கணக்கெடுப்பில் ஊசி போதைப் பிரிவினரிடம் இது 6.26 சதவீதமாக இருந்தது. நாலே வருஷத்தில் 9-ஐத் தாண்டிவிட்டது. ஒரே ஊசியை நாலு பேர் பகிரும்போது வைரஸ் நேராக ரத்தத்தில் இறங்குகிறது. அதனால்தான் இங்கே பரவல் இவ்வளவு வேகம்.

"அப்போ இது அவங்க பிரச்சினை, நமக்கென்ன?" என்று கேட்கத் தோன்றும். தப்பு இங்கதான் ஆரம்பிக்குது. எச்.ஐ.வி. ஆளைப் பார்த்து வருவதில்லை, சூழ்நிலையைப் பார்த்து வருகிறது. ஆணுறை கேட்டால் வாடிக்கையாளர் போய்விடுவார் என்ற பயம், வீட்டில் சொல்ல முடியாத உறவு, மருத்துவமனைக்குப் போனால் கிடைக்கும் கேலிப் பார்வை. ஆபத்தை உருவாக்குவது இவைதான்.

இந்தியாவில் முதலில் எங்கே கண்டுபிடிக்கப்பட்டது?

சென்னையில்தான். 1986-ல் டாக்டர் சுனிதி சாலமனின் வழிகாட்டுதலில் ஆய்வு செய்த மாணவி செல்லப்பன் நிர்மலா, அரசு காப்பகத்தில் இருந்த பெண்கள் உள்ளிட்டோரிடம் ரத்த மாதிரிகளைச் சேகரித்தார். வேலூர் சி.எம்.சி. மருத்துவமனையில் பரிசோதித்தபோது 6 மாதிரிகளில் தொற்று இருந்தது. ஆறு பேரும் பாலியல் தொழிலில் இருந்த பெண்கள். அதுவரை 'இது வெளிநாட்டு நோய்' என்று சொல்லிக்கொண்டிருந்த நாடு அதிர்ந்துபோனது.

அடுத்து நடந்தது இன்னொரு பாடம். எச்.ஐ.வி. இருந்த ஒரே காரணத்துக்காகப் பெண்கள் காப்பகத்திலேயே அடைத்து வைக்கப்பட்டார்கள். சென்னை உயர் நீதிமன்றத்துக்கு வழக்கு போன பிறகு, 1990-ல்தான் அவர்கள் வெளியே வந்தார்கள். அடைத்து வைத்ததால் நோய் நின்றதா? இல்லை. பரிசோதனைக்குப் போனால் பிடித்து உள்ளே போடுவார்கள் என்றால் யார்தான் முன்வருவார்கள்?

பிறகு தமிழ்நாடு எப்படிக் குறைத்தது?

2000-களின் தொடக்கத்தில் எச்.ஐ.வி. பரவல் அதிகமுள்ள 6 மாநிலங்களில் தமிழ்நாடும் ஒன்று. இன்று அந்த வரிசையில் இல்லை. இதற்குக் காரணம் பயமுறுத்தல் இல்லை, அணுகுமுறை மாறியதுதான்.

1994-ல் தமிழ்நாடு மாநில எய்ட்ஸ் கட்டுப்பாட்டு சங்கம் தொடங்கப்பட்டது. மாநில அளவில் இப்படி ஒரு அமைப்பு நாட்டிலேயே இதுதான் முதல். ஆபத்தில் இருப்பவர்களைத் தேடிப் போகும் வேலையை அதே பிரிவைச் சேர்ந்தவர்களிடமே கொடுத்தார்கள். பாலியல் தொழிலாளியிடம் இன்னொரு பாலியல் தொழிலாளி பேசினார், திருநங்கையிடம் திருநங்கை பேசினார். நாமக்கல் மாதிரி லாரித் தொழில் நடக்கும் ஊர்களில் டிரைவர்கள் வண்டி நிறுத்தும் இடத்துக்கே ஆணுறையும் ஆலோசனையும் போய்ச் சேர்ந்தன. பால்வினை நோய்களுக்குத் தனி சிகிச்சை கிடைத்தது.

2004 ஏப்ரல் 1 முதல் அரசு மருத்துவமனைகளில் ஏ.ஆர்.டி. எனப்படும் கூட்டு மருந்து சிகிச்சை இலவசமானது. தாம்பரம் அரசு நெஞ்சக நோய் மருத்துவமனை அதில் முன்னோடி. 2017 முதல் விதி இன்னும் எளிமையானது. தொற்று உறுதியானால் போதும், எதிர்ப்பு சக்தி எவ்வளவு குறைந்திருக்கிறது என்று பார்த்துக் காத்திருக்காமல் உடனே சிகிச்சை தொடங்கப்படுகிறது.

சரி, திருவிடைமருதூருக்கு இதில் என்ன இருக்கு?

மேலே சொன்ன நான்கு பிரிவுகள் தவிர, அரசு கவனிக்கும் இன்னொரு கூட்டம் இருக்கிறது. வேலைக்காக ஊரை விட்டுப் போகும் ஆண்களும், தொலைதூர லாரி ஓட்டுநர்களும்தான் அது. அந்த நான்கு பிரிவினரை விட இவர்களிடம் தொற்று குறைவு. ஆனால் ஓர் இடத்தில் இருக்கும் தொற்றை இன்னொரு இடத்தின் குடும்பத்துக்குள் கொண்டுவரும் பாலமாக இவர்கள் ஆகிவிடலாம்.

டெல்டாவுக்கு இது புதிய விஷயமில்லை. மேட்டூரில் தண்ணீர் வந்தால் குறுவை, அப்புறம் சம்பா. தண்ணீர் ஏமாற்றினால் திருப்பூர், சென்னை, கேரளா. கொஞ்சம் வசதி இருந்தால் சிங்கப்பூர், துபாய், குவைத். கும்பகோணம், திருவிடைமருதூர், ஆடுதுறை பக்கம் ஒரு தெருவை எடுத்துக்கொண்டால், வெளியூரிலோ வெளிநாட்டிலோ ஆள் இருக்கும் வீடு நிச்சயம் இருக்கும்.

இங்கே மூன்று சிக்கல்கள் ஒன்றாகச் சேர்கின்றன.

முதல் சிக்கல், 'மெடிக்கல்'. வளைகுடா நாடுகளுக்கும் சிங்கப்பூருக்கும் வேலைக்குப் போகும் தொழிலாளர்களுக்கு மருத்துவப் பரிசோதனை கட்டாயம். அதில் எச்.ஐ.வி. சோதனையும் உண்டு. தொற்று இருந்தால் வேலை விசா கிடைக்காது. ஆக, விசாவுக்காகப் போன இடத்தில்தான் ஒருவருக்கு முதன்முதலாக இது தெரியவரலாம். ஆனால் அந்தப் பரிசோதனையின் நோக்கம் ஆள் வேலைக்குத் தகுதியா என்று பார்ப்பது மட்டும்தான். 'அன்ஃபிட்' என்று வந்தால் ஏஜென்ட்டுக்குக் கட்டிய பணமும் வாங்கிய கடனும்தான் முதலில் கண் முன்னாடி வரும். சிகிச்சை கடைசிக்குப் போய்விடும். ஊரில் கேட்டால் "விசா சரியா அமையலை" என்று ஒரு பதில். அத்தோடு முடிந்துபோகும் அபாயம் இருக்கிறது.

இரண்டாவது, வீட்டில் இருக்கும் பெண். கர்ப்பிணிகள் அனைவருக்கும் அரசு மருத்துவமனைகளில் எச்.ஐ.வி. பரிசோதனை செய்யப்படுகிறது. இது மிக நல்ல திட்டம். தாய்க்குச் சிகிச்சை இல்லை என்றால் குழந்தைக்குத் தொற்றும் வாய்ப்பு 15 முதல் 45 சதவீதம் வரை. முறையாகச் சிகிச்சை எடுத்தால் 5 சதவீதத்துக்கும் கீழே கொண்டுவரலாம். ஆனால் இதன் இன்னொரு பக்கம், ஒரு குடும்பத்தில் முதலில் தெரியவருவது மனைவிக்குத்தான். கணவர் எங்கோ வேலையில் இருப்பார், பரிசோதனையே செய்திருக்க மாட்டார். "முதல்ல உனக்குத்தானே வந்துச்சு" என்று பழி அந்தப் பெண் மேல் விழும். முதலில் தெரிந்தது யாருக்கு என்பதை வைத்து முதலில் வந்தது யாருக்கு என்று சொல்ல முடியாது. இதை வீட்டுப் பெரியவர்கள் புரிந்துகொள்வது ரொம்ப முக்கியம்.

மூன்றாவது, தெரிந்த முகம். திருவிடைமருதூரிலிருந்து கும்பகோணம் பத்து கிலோமீட்டருக்குள். பஸ் ஏறினால் கொஞ்ச நேரம்தான். தூரம் பிரச்சினையே இல்லை, பக்கத்து சீட்தான் பிரச்சினை. மருத்துவமனை வரிசையில் நிற்பவர் சித்தப்பா மகனாக இருக்கலாம், சீட்டு எழுதிக் கொடுப்பவர் தெரிந்த வீட்டுப் பெண்ணாக இருக்கலாம். பெரிய நகரத்தில் யாரும் யாரையும் பார்ப்பதில்லை. சின்ன ஊரில் எல்லோரும் எல்லோரையும் பார்க்கிறார்கள். ஒரு திருநங்கைக்கோ, வெளியே சொல்லாத உறவில் இருக்கும் இளைஞருக்கோ இந்தத் தயக்கம் இன்னும் பல மடங்கு.

இந்தப் பயத்துக்குச் சட்டத்தில் பதில் இருக்கா?

இருக்கு. எச்.ஐ.வி. மற்றும் எய்ட்ஸ் தடுப்பு, கட்டுப்பாட்டுச் சட்டம் 2017-ல் நிறைவேறி, 2018 செப்டம்பர் 10 முதல் அமலில் இருக்கிறது. இதன்படி:

- ஒருவரின் சம்மதம் இல்லாமல் எச்.ஐ.வி. பரிசோதனை செய்யக் கூடாது.
- சட்டம் அனுமதிக்கும் சில சூழல்களைத் தவிர, அனுமதியில்லாமல் ஒருவரின் எச்.ஐ.வி. நிலையை வெளியே சொல்லக் கூடாது.
- தொற்று இருக்கிறது என்பதற்காக வேலை, படிப்பு, சிகிச்சை, வாடகை வீடு ஆகியவற்றில் பாகுபாடு காட்டக் கூடாது.
- எச்.ஐ.வி. உள்ளவர்களுக்கு எதிராக வெறுப்பைப் பரப்பினால் 3 மாதம் முதல் 2 ஆண்டு வரை சிறைத் தண்டனை உண்டு.

பாலியல் தொழிலாளர்களின் கண்ணியம் பற்றி 2022 மே மாதம் உச்ச நீதிமன்றமும் முக்கிய உத்தரவு ஒன்றைப் பிறப்பித்தது. ஆணுறை வைத்திருப்பதையே குற்றத்துக்கு ஆதாரமாகக் காட்டக் கூடாது என்பது அதில் ஓர் அம்சம். பாதுகாப்பாக இருப்பதே ஒருவரைக் காட்டிக்கொடுக்கும் என்றால் யார் பாதுகாப்பாக இருப்பார்கள்?

ஆனால் சட்டம் புத்தகத்தில் இருப்பது ஒன்று, ஊர் வாயை அடக்குவது இன்னொன்று. இந்தச் சட்டம் இருப்பதே பலருக்குத் தெரியாது என்பதுதான் நிஜம்.

இப்போது புதிதாகக் கவலைப்பட என்ன இருக்கிறது?

ஒன்று, ஊசி. வலி நிவாரண மாத்திரைகளைக் கரைத்து ஊசியில் ஏற்றும் பழக்கம் பற்றிய வழக்குகள் தமிழ்நாட்டிலும் பதிவாகி வருகின்றன. மிசோரமின் இன்றைய நிலைக்கு ஊசி போதை ஒரு முக்கியக் காரணம் என்பதை இந்த இடத்தில் நினைவில் வைக்க வேண்டும். இதை போலீஸ் பிரச்சினையாக மட்டும் பார்த்தால் ஊசி பகிர்வது இன்னும் மறைவான இடத்துக்குப் போகும்.

இன்னொன்று, செல்போன். முன்பு களப்பணியாளர்கள் ஆட்களைச் சந்திக்கத் தெரிந்த இடங்கள் இருந்தன. பஸ் ஸ்டாண்ட், லாட்ஜ், நெடுஞ்சாலை ஓரம். இப்போது அறிமுகம் டேட்டிங் ஆப்பில் நடக்கிறது. தேடிப் போய்ப் பேசிய அந்த வெற்றிகரமான முறை, தேடவே முடியாத இடத்தில் இன்று தடுமாறுகிறது.

நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டியவை

*எங்கே பரிசோதிக்கலாம்?* அரசு மருத்துவமனைகளில் உள்ள 'நம்பிக்கை மையம்'. பரிசோதனையும் ஆலோசனையும் இலவசம். உள்ளூரில் தயக்கமாக இருந்தால் தஞ்சாவூரிலோ வேறு ஊரிலோ போய்ச் செய்துகொள்ளலாம், தப்பில்லை.

*ஆபத்து நேர்ந்துவிட்டது என்று தோன்றினால்?* 72 மணி நேரத்துக்குள் அரசு மருத்துவமனைக்குப் போங்கள். 28 நாள் மருந்து மூலம் தொற்றைத் தடுக்க வாய்ப்பு உண்டு. எவ்வளவு சீக்கிரம் போகிறோமோ அவ்வளவு நல்லது.

*ஒரு முறை 'இல்லை' என்று வந்தால் போதுமா?* போதாது. தொற்று ஏற்பட்ட ஆரம்ப வாரங்களில் சோதனையில் தெரியாமல் போகலாம். ஆலோசகர் சொல்லும் தேதியில் மறுபடி செய்ய வேண்டும்.

*தொற்று உறுதியானால்?* மாத்திரையை விடாமல் எடுத்தால் சாதாரணமாக வாழலாம். ரத்தத்தில் வைரஸ் அளவு கண்டறிய முடியாத அளவுக்குக் குறைந்து, அப்படியே நீடித்தால், உடலுறவு மூலம் துணைக்குப் பரவாது. இது உலக அளவில் மருத்துவ உலகம் ஏற்றுக்கொண்ட உண்மை.

*போனில் பேச முடியுமா?* 1097 என்ற தேசிய உதவி எண்ணுக்கு இலவசமாக அழைக்கலாம்.

கடைசியாக...

எய்ட்ஸை 2030-க்குள் பொது சுகாதார அச்சுறுத்தல் என்ற நிலையிலிருந்து நீக்குவது இந்தியாவின் இலக்கு. மருந்து இருக்கிறது, மையம் இருக்கிறது, சட்டமும் இருக்கிறது. மிச்சமிருக்கும் தூரம், ஒருவர் வீட்டு வாசலிலிருந்து நம்பிக்கை மையத்தின் கதவு வரை. அந்த வழியில் நிற்பது நம்முடைய பார்வையும் பேச்சும்தான்.

"புள்ளிராஜாவுக்கு எய்ட்ஸ் வருமா?" என்று அன்றைக்கு ஊரே கேட்டது. வந்தால் அவர் யாரிடமும் மறைக்காமல் இதே ஊரில் வாழ முடியுமா? இன்றைக்கு நாம் பதில் சொல்ல வேண்டிய கேள்வி அது.